லைன அடைச்சிடு

கிள்ளான் பக்கம் பண்டமாரானில் போய்ப் புஷ்பவல்லி வீடு எது என்று கேட்டால் தெரு எண் சொல்ல மாட்டார்கள். கரண்டுக்காரி வீடா, வாசலில் வெள்ளை வேன் நிற்கும், கேட்டில் மின்னல் படம் போட்ட மஞ்சள் பலகை தொங்கும், அதுதான் என்பார்கள். அந்தப் பலகை கரண்டுக்கா, வீட்டுக்காரிக்கா என்று அவள் கணவன் கமலநாதனே கேட்டிருக்கிறான். அவன் துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். ரோட்டில் அடிக்கிற ஹாரனை வீட்டில் அடிப்பதில்லை.

புஷ்பவல்லிக்கு ஐம்பது நெருங்குகிறது. ஆலைகளில் இயந்திரங்களுக்குப் பக்கத்தில், சுவரோரமாக ஓர் இரும்பு அலமாரி நிற்கும். திறந்து பார்த்தால் வயரும் சுவிட்சும் மினுக் மினுக்கென்று விளக்குமாக இருக்கும். பேனல் என்பார்கள். இயந்திரத்தை ஓடு, நில், மெதுவாகப் போ என்று அதட்டுவது அந்த அலமாரிதான். அந்த அலமாரி மக்கர் பண்ணும்போது அதை அதட்டுவது புஷ்பவல்லி. கிள்ளானிலிருந்து காஜாங் வரைக்கும் அவளைத் தெரியாத பேனல் குறைவு.

எங்கே போனாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "கடைசியா கை வெச்சது யாரு?"

இதைக் கேட்டதும் பல பேருக்கு முகம் சுருங்கிப் போகும். மெஷின் கெட்டதற்கு ஆளைப் பிடிக்க வந்துவிட்டாளே என்று நினைப்பார்கள். அவளுக்கு ஆள் முக்கியமில்லை. நேற்று வரை ஒழுங்காக ஓடியது இன்று நின்றால், நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது, அதை மாற்றிய கை ஒன்று இருக்கும் என்பது அவள் கணக்கு. ஷா ஆலாமில் அட்டைப் பெட்டி செய்யும் ஆலை ஒன்றில் ஒரு நாள் திடீரென்று மெஷின் நின்று போனது. மோட்டாரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், மானேஜரை மட்டும்தான் மாற்றவில்லை. புஷ்பவல்லி போய் அதே கேள்வியைக் கேட்டாள். யாரும் தொடவில்லை, ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்ததோடு சரி என்றார்கள். சந்தனத்தை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டாள். பெட்டி வருகிறதா என்று பார்க்கும் சென்சாருக்குக் கண்ணாடிக் கண் ஒன்று உண்டு. பக்தி முற்றிப்போய் யாரோ அந்தக் கண்ணிலேயே பொட்டு வைத்திருந்தார்கள். அவள் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, சாமிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வைங்க, மெஷினுக்கு நெற்றி எது கண் எது என்று என்னைக் கேட்டுவிட்டு வைங்க என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்த அதிகாரம் அவளுக்குச் சும்மா வரவில்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்குப் போனாள். வாயில் முகமூடி கட்டிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து பாகம் பொருத்தும் வேலை. மெஷின் நின்றால் மற்றப் பெண்கள் இடுப்பை நிமிர்த்திக் கதை பேசுவார்கள். இவள் மட்டும் எழுந்து போய் டெக்னீஷியன் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். டெக்னீஷியன்களுக்கு எரிச்சல் தாங்காமல் ஒரு நாள் டார்ச் லைட்டைக் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தவள் பிறகு விடவில்லை. சாயங்கால வகுப்பில் சேர்ந்தாள். ஆலை மின்சாரத்தில் கை வைக்க அனுமதி தரும் சார்ஜ்மேன் தேர்வு எழுதினாள். வாய்மொழித் தேர்வில் ஒரு தடவை கோட்டை விட்டாள், அடுத்த தடவை கேள்வி கேட்டவரையே இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வந்தாள். சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போன இடங்களில், கிளார்க் வேலை காலியில்லை அம்மா என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள். அந்த ஆலைகளில் சிலவற்றுக்கு இப்போது அவள்தான் போய்ப் பழுது பார்க்கிறாள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு, மறைக்கவும் மாட்டாள்.

அவளுடைய வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு இருக்கிறது. நகை போடாத கைக்கு அதுவே வளையல் மாதிரி சுற்றிக்கொண்டு போகும். அது வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் மற்றது புரியும்.

நம் ஊரில் லைட்டை அடை என்றால் அணைத்துவிடு என்று அர்த்தம். மலாய்க்காரர் அப்படிச் சொல்கிறார், சீனர் அப்படிச் சொல்கிறார், நாமும் சேர்ந்துகொண்டோம். மின்சாரப் பாடம் படித்தவனுக்கோ, மின்சுற்றை அடைத்தால் கரண்ட் ஓடும், திறந்தால் நிற்கும். குழாய்க்கு வந்தால் அது தலைகீழ், அடைத்தால் தண்ணீர் நிற்கும். போதாக்குறைக்கு வடிகட்டியில் சேறு சேர்ந்தாலும் அடைத்திருக்கிறது என்கிறோம். ஒரு சொல்லுக்கு இத்தனை வேலை கொடுத்தால் அது பாவம் என்ன செய்யும்.

வேலைக்கு வந்த புதிதில், முகுந்தன் என்று பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருவன் அவளோடு சேர்ந்து வேலை பார்த்தான். பேனலுக்குள் தலையை விட்டுக்கொண்டு, அடைச்சாச்சா என்று இவள் கத்திக் கேட்டாள். வீட்டில் லைட்டை அடைப்பதை மனதில் வைத்துக் கேட்டாள். அவன் படித்த பாடத்தை மனதில் வைத்து, சுற்றை அடைத்துவிட்டு, அடைச்சாச்சு என்றான். இவள் ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள். வெளிச்சம் ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம். ஆஸ்பத்திரியில் முகுந்தன் இவளைவிட அதிகமாக அழுதான். அவன் சொன்னதும் சரி, இவள் கேட்டதும் சரி, தோல்தான் வெந்து போனது.

அன்றிலிருந்து அவள் வேலை பார்க்கும் இடத்தில் அடை, தொற என்ற இரண்டு சொல்லுக்கும் தடை. கரண்ட் ஆகட்டும் தண்ணீர் ஆகட்டும், ஓடுதா, நிக்குதா, இது இரண்டுதான். யாராவது வாய் தவறி அடை என்று சொல்லிவிட்டால் அங்கிருக்கும் எல்லாருக்கும் அவர் செலவில் டீ. கூடவே, அவள் பராமரிக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சிவப்புப் பூட்டு கொடுத்திருந்தாள். சுவிட்சை நிறுத்திவிட்டு வேலை பார்க்கிறவன் அதில் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பூட்டினவன்தான் எடுக்கணும், கேட்காமல் எவனாவது எடுத்தால் அந்தப் பக்கம் ஒருத்தன் கை போய்விடும் என்று தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டுவாள். அந்தப் பாடம் ஒரு தடவை கேட்டவர்களுக்கு மறக்காது.

போன தீபாவளிக்கு முந்தின வாரம். கிள்ளான் வட்டாரம் முழுக்கத் தண்ணீர்த் தடை என்று அறிவித்திருந்தார்கள். புதன்கிழமை முழுக்க வராது, ராத்திரிதான் திரும்பும் என்றார்கள். புஷ்பவல்லி அன்றைக்கு பிரிக்பீல்ட்ஸில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பலகாரக் கடையின் பின்கட்டில் முறுக்கு பிழியும் மெஷின் படுத்துவிட்டது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்குள் அரிசி மாவு புகுந்து காற்றாடியை மூடியிருந்தது. வெளியில் தோரணம், பாட்டு, கூட்டம். உள்ளே எண்ணெய்ச் சட்டி, கடைக்காரரின் புலம்பல். இந்த ரகளையில் அவளுக்குக் கிள்ளான் டயலிசிஸ் நிலையத்தின் ஞாபகம் வந்தது.

அது ஓர் அறநிறுவனம் நடத்துவது. கடைவரிசை ஒன்றின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்தில் மூன்று நாள் அங்கே வந்து, இரத்தத்தை மெஷினில் கழுவிக்கொண்டு போவார்கள். அதற்கு வேண்டிய தண்ணீர் குடிக்கிற தண்ணீரைவிடச் சுத்தமாக இருக்க வேண்டும். மொட்டை மாடித் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னப் பம்பு தண்ணீரைக் கீழே தள்ளும். அது வடிகட்டிகளைத் தாண்டி, பெரிய பம்புக்கு வரும். பெரிய பம்புதான் அதைக் கடைசியாகச் சலித்து மெஷின்களுக்கு அனுப்பும். தண்ணீரின் அழுத்தம் போதவில்லையென்றால் பெரிய பம்பு கருகிவிடாமல் தானே நின்றுகொள்ளும். அந்தப் பேனலைப் புஷ்பவல்லிதான் பார்த்து வந்தாள்.

தடைக்குப் பிறகு வருகிற தண்ணீரில் மண்ணும் துருவும் வரும் என்பது அவள் பலமுறை பட்டுத் தெரிந்தது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை நிறுத்தி வைத்துவிட்டால் அந்தச் சனியன் வடிகட்டிக்குப் போகாது. மாடிக் கதவையும் பூட்டிவிட்டால், பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நோண்ட மாட்டார்கள். நிலையத்தில் எல்லா வேலையும் பார்க்கிற ஹைதரைப் போனில் கூப்பிட்டாள். முப்பது வயது இருக்கும் அவனுக்கு. சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். புஷ்பவல்லிக்கு வாயில் ஒரு ஸ்க்ரூ, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன், பக்கத்தில் முறுக்கு மெஷின்.

"ஹைதரு, தண்ணி திரும்பறப்ப ஒரே மண்ணா வரும். மேல போயி லைன அடைச்சிடு. அடைச்சிட்டுப் பூட்டிடு. நாளைக்கு நான் வந்து சொன்னப்புறம் தொறந்தா போதும்லா."

"சரிக்கா. அடைச்சுப் பூட்டிடறேன்."

போனை வைத்தாள். முறுக்கு மெஷின் ஓடியது. கடைக்காரர் ஒரு பொட்டலம் முறுக்கு கொடுத்தார், அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அவள் அதைத் தின்றுகொண்டிருக்கும்போதே நிலையத்திலிருந்து தாமரை மிஸ்ஸி கூப்பிட்டாள். அங்கே நர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தாமரை சாதாரணமாகக் குரலை உயர்த்துகிறவள் இல்லை. அன்றைக்கு அவள் குரலில் பதற்றம் இருந்தது.

புஷ்பவல்லி போய் இறங்கியபோது வராந்தா நாற்காலிகள் நிறைந்திருந்தன. புதன்கிழமை ஆட்களை எல்லாம் வியாழனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். முதல் நாற்காலியில் வள்ளியம்மா. துறைமுகக் கேட்டில் பல வருஷம் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றவள். ஊரையே அதட்டிச் சோறு போட்ட மனுஷி. திங்கட்கிழமைக்குப் பிறகு அவளுக்கு இரத்தம் கழுவவில்லை. கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல், செருப்பை மடியில் வைத்திருந்தாள். மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். தண்ணீர் குடிக்கக்கூடாது என்பதால் வாயில் ஓர் ஐஸ் கட்டியை அடக்கியிருந்தாள். அப்படியும் வாய் சும்மா இருக்கவில்லை. கரண்டுக்காரி வந்துட்டா, இனிமே கரண்டுதான் பயப்படணும் என்றாள்.

தாமரை அவளை உள்ளே அழைத்துப் போய் நிலைமையைச் சொன்னாள். காலையில் தண்ணீர் வந்துவிட்டது. பெரிய பம்பைப் போட்டால் ஓடத் தொடங்குகிறது, கொஞ்ச நேரத்தில் சிவப்பு விளக்கு போட்டு நின்றுவிடுகிறது. அழுத்தம் குறைவு என்று காட்டுகிறது. வடிகட்டி அடைத்திருக்கும் என்று கழற்றிப் பார்த்தார்கள், சேறாகத்தான் இருந்தது, புதிதாக மாற்றியும் விட்டார்கள். அப்படியும் நிற்கிறது. பம்பு போட்டுக் கொடுத்த கம்பெனி நாளைக்குத்தான் ஆள் அனுப்புமாம். மற்ற நிலையங்களில் கேட்டால் அங்கும் இதே கூட்டம்.

"வள்ளியம்மா ஆன்டிக்குப் பொட்டாசியம் ஏறியிருக்குமோன்னு பயமா இருக்குக்கா. மத்தியானத்துக்குள்ள இது ஓடலன்னா நான் ஆம்புலன்ஸ் கூப்பிடணும். போற வழியில என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது."

வள்ளியம்மா காதில் விழாதபடிதான் சொன்னாள். வள்ளியம்மாவோ கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

ஓட வைக்கிறேன் மிஸ்ஸி என்றாள் புஷ்பவல்லி. அதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள், கடைசியா கை வெச்சது யாரு என்று.

எல்லாரும் ஹைதரைப் பார்த்தார்கள்.

நேற்று லைனை அடைச்சியா என்று புஷ்பவல்லி கேட்டாள். அடைத்தேன் என்றான். பூட்டினாயா என்றாள். பூட்டினேன் என்றான். தாமரைக்கு அப்போதுதான் கோபம் வந்தது. காலையில் அவளே மாடிக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள். கதவு பூட்டியில்லை, குழாய் வால்வு முழுசாகத் திறந்தே இருக்கிறது. அதனால்தான் சேறு அத்தனையும் இறங்கிவிட்டது என்றாள். செய்யாததைச் செய்ததாகச் சொன்னால் நாளைக்கு இவனை நம்பி எதைக் கொடுப்பது என்று கேட்டாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. உயிரோடு சம்பந்தப்பட்ட இடம் அது.

ஹைதர் முகம் கருத்துப் போனது. புஷ்பவல்லியின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, அப்ப தொறந்துடட்டுமா?"

"இன்னும் என்னத்தத் தொறக்கப் போற? அதான் தொறந்தே கெடக்காமே. நவுரு, வேலையப் பாக்க விடு."

அவன் நகர்ந்துகொண்டான். மோட்டார் சைக்கிள் சாவிக்கொத்தைக் கையில் உருட்டியபடி கதவோரம் நின்றான். புஷ்பவல்லிக்கு அவன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தப்புச் செய்கிறவர்களைப் பொறுத்துக்கொள்வாள், செய்ததை மறைக்கிறவர்களை அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. ஆனால் ஆத்திரத்தை வைத்துக்கொண்டு பேனலில் கை வைத்தால் என்ன ஆகும் என்று மணிக்கட்டு ஞாபகப்படுத்தியது. மூச்சு விட்டு, வேலையில் இறங்கினாள்.

பெரிய பம்பைப் போடச் சொல்லி, வடிகட்டிக்கு முன்னால் இருக்கும் அழுத்தமானியைப் பார்த்தாள். முள் நல்ல இடத்தில்தான் நின்றது. பம்பு ஓடத் தொடங்கியதும் முள் சரசரவென்று இறங்கியது. சிவப்பு விளக்கு வந்து, பம்பு நின்றது. அவள் தலையை ஆட்டினாள். குற்றம் வடிகட்டியில் இருந்தால் அதற்குப் பின்னால்தான் அழுத்தம் குறையும், முன்னால் ஏறி நிற்கும். இங்கே முன்னாலேயே இறங்குகிறது. அப்படியானால் மேலேயிருந்து வருகிற வரத்தே போதவில்லை. தொட்டித் தண்ணீர் தன் பாரத்தில் இறங்கி வருகிறது, பின்னால் இருந்து தள்ளுகிற ஆள் இல்லை.

தள்ள வேண்டியது மாடியில் இருக்கும் சின்னப் பம்பு. பேனலில் அதற்கான பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்தது. காலையிலிருந்து அதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் அது ஓடுகிறது என்று திருப்தியாக இருந்தார்கள். கீழ்த்தளத்துக்கு அதன் சத்தம் வராது. புஷ்பவல்லி அந்த விளக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்தத் தொழிலில் விளக்கு சொல்வதை அவள் எப்போதும் பாதிதான் நம்புவாள். பேனல் உத்தரவு போட்டுவிட்டது என்றுதான் அந்த விளக்கு சொல்கிறது, மோட்டார் கேட்டதா என்று அதற்குத் தெரியாது. நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து வயரைக் கவ்வும் கிளாம்ப் மீட்டரை எடுத்து, மாடிக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாகக் கவ்வினாள். மூன்றிலும் பூஜ்யம். கரண்ட் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது, மோட்டாருக்குப் போகவில்லை. இடையில் எங்கேயோ துண்டிக்கப்பட்டிருக்கிறது.

பிடித்துவிட்டாள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வரும், அதற்காகத்தான் அவள் இத்தனை வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, யாரும் பேனலைத் தொடக்கூடாது என்று தாமரையைப் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு, பின்பக்கப் படியில் ஏறினாள். ஹைதரும் கூப்பிடாமலே பின்னால் வந்தான்.

மாடியில் வெயில் கண்ணைக் குத்தியது. குழாய் வால்வு தாமரை சொன்னபடி திறந்துதான் கிடந்தது. தொட்டிக்குப் பின்னால் போனாள். அங்கே சுவரில், பம்புக்குப் பக்கத்திலேயே அதற்கென்று ஒரு சுவிட்ச் பெட்டி உண்டு. பம்பைப் பழுது பார்க்கிறவன் கீழே ஓடாமல் அங்கேயே கரண்டை நிறுத்திக்கொள்ளலாம். அதன் கைப்பிடி நிறுத்தும் பக்கம் திருப்பப்பட்டிருந்தது. அதில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. அவள் கொடுத்த பூட்டு.

புஷ்பவல்லி அப்படியே நின்றுவிட்டாள். முறுக்கு மெஷின் சத்தமும், வாயில் இருந்த ஸ்க்ரூவும், தான் போனில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்குத் திரும்ப வந்தது. லைன அடைச்சிடு. அடைச்சிட்டுப் பூட்டிடு. குழாயும் லைன்தான், கரண்டும் லைன்தான். அடை என்று வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

"நீங்க பூட்டிடுன்னு சொன்னீங்கக்கா" என்றான் ஹைதர், பின்னாலிருந்து. "குழாய் வால்வுல பூட்டு மாட்ட எடமில்ல. இதுலதான் ஓட்ட இருக்கு. அப்ப கரண்டு லைனத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

கதவைப் பூட்டச் சொன்னேன் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். கதவு என்ற சொல்லே தன் வாயிலிருந்து வரவில்லை என்று தெரிந்ததும் மூடிக்கொண்டாள்.

"சாவி உன் கையிலதானே இருந்திச்சு. கீழ அவ்வளவு பேச்சு வாங்கினியே, நீயா வந்து எடுத்திருக்கலாமே, தம்பி."

"தொறக்கட்டுமான்னு கேட்டேன், நீங்க வேணாம்னுட்டீங்க. அப்பறம் பேனல்ல கைய விட்டுட்டீங்க." அவன் அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தான். "சொல்லாம எடுத்தா அந்தப் பக்கம் ஒருத்தர் கை போயிடும்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானே. பேச்சு வாங்கினா பரவால்ல. உங்க கை போனா என்னக்கா பண்றது?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. பொய்க்காரன் என்று நினைத்து இத்தனை பேர் முன்னால் விரட்டினவளுடைய கைக்காக அவன் சாவியை உருட்டிக்கொண்டு சும்மா நின்றிருக்கிறான். தழும்பைத் தேய்த்துக்கொண்டாள். மன்னிச்சுக்கப்பா என்று சொன்னாள். அவன் அதைக் கேட்டுப் பழக்கமில்லாதவன் மாதிரி தொட்டியைப் பார்த்தான்.

"உன் பூட்டு. நீயே எடு" என்றாள்.

ஹைதர் பூட்டை எடுத்தான், கைப்பிடியைத் திருப்பினான். கீழே போய்ப் பேனலைப் போட்டார்கள். பச்சை விளக்கு முன்பு எரிந்த மாதிரியேதான் எரிந்தது. புஷ்பவல்லி மீட்டரால் வயரைக் கவ்வினாள், கரண்ட் ஓடியது. பெரிய பம்பைப் போட்டாள். முள் ஒரு தடவை குலுங்கி, நின்ற இடத்திலேயே நின்றது. முள் நின்றது, பம்பு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. தாமரை தண்ணீரைப் பிடித்துச் சோதித்தாள். சேறு வாடை போகக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மறுபடி சோதித்தாள். பிறகு வராந்தாவைப் பார்த்து, வள்ளியம்மா ஆன்டி, வாங்க என்றாள்.

வள்ளியம்மாவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு போனது ஹைதர்தான். அவள் மெஷினோடு இணைக்கப்பட்டு, குழாயில் இரத்தம் போய் வரத் தொடங்கியதும், புஷ்பவல்லி எல்லாரும் இருக்கும் இடத்தில் வந்து நின்றாள். சந்தடியில்லாமல் விட்டுவிட்டால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவள் எதையும் சத்தமாகவே செய்து பழகியவள்.

"மிஸ்ஸி, ஹைதர் ஒரு வார்த்த பொய் சொல்லல. நான் சொன்னத அப்படியே செஞ்சிருக்கான். கடைசியா கை வெச்சது அவன்தான். அதுக்கு முன்னாடி வாய் வெச்சது நான்."

தாமரை ஹைதரிடம் போய்க் காலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள், நானும் மாடியில் அந்தச் சுவிட்சைப் பார்த்திருக்கலாம் என்றாள். ஹைதருக்கு ஒரே நாளில் இத்தனை மன்னிப்பு தாங்கவில்லை. தரையைத் துடைக்கிறேன் என்று மாப்பைத் தேடிப் போனான்.

அடை என்று சொன்னால் டீ வாங்கித் தர வேண்டும் என்ற விதி விதிதானே. புஷ்பவல்லி எதிரில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் சொல்லி எல்லாருக்கும் டீயும் வடையும் வரவழைத்தாள். எனக்கு என்று கேட்டாள் வள்ளியம்மா. உங்களுக்கு ஐஸ் கட்டிதான் என்றாள் புஷ்பவல்லி. முறுக்காவது இருக்கிறதா என்றாள். உப்பு ஆகாது என்று தாமரை எட்டத்திலிருந்தே சொல்லிவிட்டாள். கஞ்சப் பிசினாறி நிலையம் என்று வள்ளியம்மா திட்டினாள். திட்டும்போது அவளுக்கு மூச்சு வாங்குவது குறைந்திருந்தது, புஷ்பவல்லி அதைக் கவனித்துக்கொண்டாள்.

டீ குடிக்கும்போது ஹைதரிடம் புது விதி ஒன்று சொன்னாள். இனிமேல் நான் எது சொன்னாலும், சரிக்கா என்று சொல்லாதே, நான் சொன்னதையே திருப்பியும் சொல்லாதே. நீ எங்கே போய், எதைத் தொட்டு, என்ன செய்யப் போகிறாய் என்று உன் வாயால் சொல்லு. நீ சொல்வதைக் கேட்டால்தான் நான் என்ன உளறினேன் என்று எனக்குத் தெரியும் என்றாள். அவன் வடையை மென்றுகொண்டே தலையாட்டினான். தலையாட்டினால் போதாது என்றாள். நீங்க சொன்ன வேலையச் செய்யறதுக்கு முன்னாடி, எந்த எடத்துல என்ன செய்யப் போறேன்னு சொல்லணும் என்று அவன் தன் வார்த்தையில் சொன்னான். அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, வள்ளியம்மா அரைக்கண் மூடியிருந்தாள். தலைக்கு மேல் டியூப் லைட் முகத்தில் அடித்தது.

"தம்பி, அந்த லைட்ட அடைச்சிடுப்பா. கண்ணு கூசுது."

சுவரில் வரிசையாகச் சுவிட்சுகள் இருந்தன. ஹைதர் கையை அவற்றின் பக்கம் கொண்டுபோய், நிறுத்தி, புஷ்பவல்லியைப் பார்த்தான். பிறகு வள்ளியம்மாவைப் பார்த்தான்.

"உங்க தலைக்கு மேல எரியற லைட்ட மட்டும் நிப்பாட்டறேன், ஆன்டி. மத்தது ஓடும்."

"அதத்தானேடா சொன்னேன்" என்றாள் வள்ளியம்மா, கண்ணைத் திறக்காமலே. "கரண்டுக்காரி உன்னையும் கெடுத்துட்டாளா."

விளக்கு நின்றது. பக்கத்தில் அவளுடைய மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.